சட்டப்படி கசப்பு

"பொம்பளைங்களுக்கு விக்க ஏலாது மிஸ். சட்டம்."

மாத்தளை டவுனில் அந்த வைன் ஸ்டோர்ஸின் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கிஷாந்த் மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் பிரசாந்தினிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்த மேல்தட்டுல இருக்கிற பியர யார் செஞ்சது தெரியுமா?"

"கம்பனி."

"நான்."

பொய்யில்லை. கெம்பஸில் உணவு விஞ்ஞானம் படித்து முடித்தவள், பயிற்சிக்குப் போன பியர் கம்பனியில் பெல்ஜியம் பாணியில் ஒன்று காய்ச்சினாள். கொத்தமல்லி, தோடம்பழத் தோல், கசப்புக்கு வெனிவெல் என்கிற மரமஞ்சள். தடிமன், இருமல் பிடித்தால் வீட்டில் அவித்துக் கொடுக்கிற அதே சாமான்கள்தான். கம்பனிக்குப் பிடித்துப்போய் விற்பனைக்கே விட்டுவிட்டார்கள். வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி.

காய்ச்சலாம், வாங்கக் கூடாது, இது எந்த ஊர் நியாயம் என்று அவள் வாதாடினாள். பின்னால் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். கிஷாந்த் மசியவில்லை.

"இதுக்குப் போய் ஏன் மிஸ் சண்ட புடிக்கிறீங்க? கசாயம் மாதிரி கசக்குதுன்னு யாரும் தொடுறதில்ல. ஒரே ஒரு ஐயாதான் விடாம வாங்குறாரு."

ரசனையுள்ள மனிதர் ஒருவராவது இந்த ஊரில் இருக்கிறாரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வெறுங்கையோடு அலுவிகாரை பஸ்ஸில் ஏறினாள்.

போத்தல் அவளுக்கில்லை. அப்பா ஆறுமுகநாதனுக்கு.

கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், கோயில் சபைத் தலைவர். "கெம்பஸ் அனுப்பினது சாராயம் வடிக்கவா?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சையே மூடிவிட்டார். லேபிளின் படத்தைப் போனில் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட அவள் கேட்டிருப்பாள். ருசி பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா வழக்கம்போல அலுமாரியைத் திறந்து அரிஷ்டப் போத்தலை எடுத்தார்.

பிரசாந்தினி விடவில்லை. "அரிஷ்டமும் புளிக்க வச்சதுதான்ப்பா. அதுலயும் அல்கஹோல் இருக்கு."

"அது மருந்து."

"போத்தல்ல மருந்துன்னு ஒட்டிட்டா எல்லாம் சரியா?"

"சும்மா இரு புள்ள," என்று அம்மா நேசம்மா குறுக்கே வந்தாள். முந்தியெல்லாம் அரிஷ்டம் குடிக்கச் சொல்லிக் கத்த வேண்டியிருந்ததாம். இந்த மாதம் அவராகவே எடுத்துக் குடிக்கிறாராம், உடம்புக்கும் நன்றாக ஒத்துப்போகிறதாம். சொல்லிவிட்டுக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

"தலைவர் குடிச்சா மருந்து, மக காய்ச்சினா சாராயம். நல்லா இருக்கு உங்க..."

பிரசாந்தினி பாதியில் நிறுத்தினாள்.

அப்பாவின் டம்ளரில் வெள்ளையாக நுரை எழும்பி நின்றது. அரிஷ்டம் நுரைக்காது.

ஆறுமுகநாதன் ஒரு மிடறு குடித்தார். நாக்கில் வைத்துக் கொஞ்சநேரம் யோசித்தார். குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெனிவெல் சரி. திங்கக்கிழம போனதும் அந்தக் கொத்தமல்லிய மட்டும் கொஞ்சம் குறை, புள்ள."