ஜாகிர் பாயின் இதயக் கவசம்

கிளேபாங் வட்டாரத்தில், ஜாகிர் பாயின் மளிகைக் கடைக்குள் காலை வெயில் சரிந்து விழுகிறது. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பாய், ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை ஏந்தியபடி, எதிரே உட்கார்ந்திருக்கும் வடிவேலுவுக்கு வகுப்பெடுக்கிறார். வடிவேலுவுக்கும் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகிறது. “ஓட்ஸ்ல பீட்டா குளுக்கான்னு ஒரு நார்ச்சத்து இருக்கு. கொழுப்பக் கூட்டிப் பெருக்கி வெளிய தள்ளிரும். அப்புறம் மாத்திரை எதுக்குலா? நானெல்லாம் தூக்கிப் போட்டு வருஷமாச்சு.” பாயின் கரண்டி காற்றில் வட்டம் போடுகிறது. உள்ளேயிருந்து அவர் மனைவி ரஹீலா சின்னத் தட்டோடு வருகிறாள். தட்டில் நான்கு மாத்திரைகள், ஒன்று இளஞ்சிவப்பு. “பேச்சுல மாத்திரைய மறந்துட்டீங்களே. மத்த நாள்ல மறக்கவே மாட்டீங்க.” கரண்டி நிற்கிறது. வடிவேலு அந்த இளஞ்சிவப்பு மாத்திரையையே பார்க்கிறார். அவருடைய கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. “நீங்க சொன்னீங்கன்னு நான் மாத்திரைய நிப்பாட்டி மூணு வாரமாச்சு பாய்” என்கிறார் மெதுவாக, பக்கத்தில் தூங்கும் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. ரஹீலா ஆணியில் தொங்கும் கார் சாவியை எடுக்கிறாள். “எந்திரிங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.” பாய் வாயைத் திறக்கிறார். திறந்த வாயில், தினப்படிப் பழக்கத்தில், நான்கு மாத்திரைகளையும் போட்டுக் கஞ்சியோடு விழுங்குகிறார்.