டீமேக்கரின் நாக்கு

"மூணாந் தடவையும் அடுப்புக் குழாய் ஒட்டுல புகை கசியுதே!" என்று தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலையின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் நாகரத்தினம் கத்தினார். "புகை பட்டா தேயிலை நாறும்னு இந்த அடுப்பை நிறுத்தி ஒரு வாரமாச்சு. தோட்டத்துத் தொரை உன்னையும் வேலையை விட்டு அனுப்பிருவாரு, என்னையும் அனுப்பிருவாரு."

"இந்த வட்டகொடை மலைப் பனியில வெல்டிங் கம்பி ஈரம் குடிச்சிருதுங்கய்யா," என்றான் வெல்டர் வடிவேல். "ஈரக் கம்பியில பத்த வச்சா, ஒட்டு முழுக்க ஊசி ஓட்டையாத்தான் விழும். பக்கத்து அடுப்புச் சூட்டுல தேயிலை காயுற ரூம்புல ரெண்டு நாள் வச்சு எடுத்தா..."

"மூச்சு விடாதே! தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கும். உன் கம்பி வாசம் பட்டா ஒரு வாய்லயே எனக்குத் தெரிஞ்சிரும். என் நாக்கு அப்படி!"

வடிவேல் கம்பிக் கட்டை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் காலை, புதுத் தேயிலையை ருசி பார்த்த நாகரத்தினம் சப்புக்கொட்டினார். 'இந்த வருடத்திலேயே இதுதான் உயர்ந்த தேயிலை' என்று துரைக்குச் சீட்டெழுதி, அதை வடிவேலிடமே கொடுத்தனுப்பினார்.

அன்று மாலை வடிவேல் குழாயை மறுபடி பற்றவைத்தான். அடுப்பை மூட்டிப் பார்த்தார்கள். பொட்டுப் புகைகூடக் கசியவில்லை.

"சபாஷ்! கம்பியை எங்கப்பா காய வச்ச? உன் லயத்து வீட்டு அடுப்புலயா?"

"நீங்க வேணாம்னு சொன்ன ரூம்புலதாங்கய்யா. ரெண்டு நாளா தேயிலைத் தட்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு."

நாகரத்தினம் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! ரெண்டு நாள் தேயிலையும் நாசமா?"

"காலையில நீங்க ருசி பார்த்தது அதைத்தாங்கய்யா," என்றான் வடிவேல் பணிவாக. "நாளைக்கும் அதே ருசி வேணும்னா, கம்பி அங்கேயே இருக்கட்டுங்களா?"