மாமன் கொண்டுவந்த முட்டை

முட்டைப் பண்ணை வைத்திருக்கிற மணியன், துண்டில் நாட்டு முட்டைகளை முடிந்துகொண்டு அக்காள் வீட்டுக்குப் போனதை ஊரே பார்த்துவிட்டது.

பார்த்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

நாமக்கல்லைச் சுற்றி அப்போதுதான் ஒன்றிரண்டாகக் கோழிப் பண்ணைகள் வந்துகொண்டிருந்தன. இந்த ஊருக்கு மணியனுடையதுதான் முதல் பண்ணை. நீளக் கொட்டகை, உள்ளே பூராவும் வெள்ளைக் கோழி. பேருக்குக்கூட ஒரு சேவல் கிடையாது.

அதுதான் ஊருக்கு உறுத்தல். சீமையில் ரெண்டு மூன்று ஜாதியைக் கலந்து உண்டாக்கின கோழியாம், ஊசியிலேயே வளர்கிறதாம், சேவல் முகம் பார்க்காமலே முட்டை வைக்கிறதாம். அதைத் தின்றால் ஆம்பளைக்குத் தெம்பு போய்விடும், பொம்பளைக்கு வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்காது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மணியனும் சளைக்காமல் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்காகப் பதில் சொல்வான்.

"சேவல் இல்லாட்டி குஞ்சு பொரிக்காதுங்க, அவ்வளவுதான். முட்டையில இருக்கற சத்து எங்கீங்க போயிரும்?"

சொல்லிச் சொல்லி, டீக்கடை அப்புசாமி மட்டும் மனசு மாறி, வேகவைத்து விற்பதற்குத் தினம் ஒரு அட்டை முட்டை வாங்க ஆரம்பித்திருந்தார். உள்ளூரில் அதுதான் மணியனுக்கு முதல் வியாபாரம்.

அந்தச் சமயத்தில் அக்காள் காளியாத்தாளின் மகள் பெரிய மனுஷி ஆனாள்.

அப்படி ஆன பெண்ணுக்கு விடியலில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை கொடுப்பார்கள். குடித்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை ஊற்றி, அதையும் குடிக்க வைப்பார்கள். முட்டை தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். மணியன் ஒரு அட்டை வெள்ளை முட்டையோடு சந்தோஷமாகப் போனான்.

காளியாத்தாள் வாசலிலேயே மறித்தாள்.

"ஏந்தம்பி, நாளைக்கு இவ ஒரு ஊட்டுக்குப் போயி புள்ளை பெக்க வேண்டாமா? இந்தக் கருமத்தை உள்ளாற கொண்டாராதே."

டாக்டர்களே இதைத் தின்னச் சொல்கிறார்கள் என்று மணியன் சொல்லிப் பார்த்தான்.

"டாக்டரா வந்து இவளுக்கு மாப்பிள்ளை பாப்பாரு? நாட்டு முட்டை இருந்தாக் கொண்டா. இல்லாட்டி முட்டையே வேண்டாம். வெறும் எண்ணெயைக் குடிச்சுட்டுக் கெடக்கட்டும்."

உள்ளே அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே குச்சி மாதிரி உடம்பு. இப்போது எழுந்து நின்றாலே கண்ணை இருட்டியது. மணியன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

நாட்டு முட்டையும் லேசில் கிடைக்கவில்லை. அந்த வருஷம் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்து, ஊர்க்கோழி பாதிக்குமேல் போய்ச் சேர்ந்திருந்தது. ஊசி போட்டிருந்த பண்ணைக் கோழிதான் தப்பித்தது. மணியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களில் வீடு வீடாக இறங்கி, ஒன்றும் ரெண்டுமாக வாங்கி, துண்டில் முடிந்து அக்காள் வீட்டில் சேர்த்தான்.

காளியாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பெருமை அளந்தாள்.

"எந்தம்பியே ஒத்துக்கிட்டான் பாருங்க. பண்ணை முட்டை ஊருக்குத்தான். அக்கா புள்ளைக்குன்னா நாட்டு முட்டையைத் தேடி ஓடறான்."

பேச்சு டீக்கடைக்கு வர எவ்வளவு நேரமாகும்? அப்புசாமி அன்றைக்கு வந்த அட்டையைத் தொடவே இல்லை.

"ஏம்ப்பா மணியா, உங்கூட்டுப் புள்ளைக்கு ஆகாதது, எங்கடைக்கு வர்றவனுக்கு மட்டும் ஆகுமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் டீ புரையேறச் சிரித்தார்கள். மணியன் அட்டையைத் திரும்ப சைக்கிளில் கட்டினான். அப்படியே பக்கத்து ஊருக்கு மிதித்தான், நாட்டு முட்டை தேட.

நாளாக ஆகப் பெண்ணுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. தலை சுற்றல் நின்றது. சீருக்கு நாள் குறித்ததைச் சொல்லக் காளியாத்தாள் தம்பி வீட்டுக்குப் போனாள். மணியன் பண்ணையில் இருந்தான். அவன் பெண்டாட்டி நல்லம்மாள்தான் வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஏழாம் மாசம். இதற்கு முன்னால் ரெண்டு தங்காமல் போயிருந்தது.

காளியாத்தாள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தபோது நல்லம்மாள் ஒரு முட்டையின் நுனியைத் தட்டி உடைத்து வாயில் வைக்கப் போனாள். வெள்ளை வெளேரென்று பண்ணை முட்டை.

"அம்மணி, உனக்கென்ன கிறுக்கா? இப்பத்தான் ஒண்ணு நின்னிருக்குது. ஒரு நாட்டு முட்டைக்கா வழியில்லாமப் போச்சு?"

"எங்கூட்டு நாட்டுக்கோழி வெச்சதுஞ் சேத்து எல்லாமே உங்கூட்டுக்குத்தானுங்களே வந்துது, நங்கையா" என்று நாத்தனாரிடம் சொன்னாள் நல்லம்மாள். "நானு உண்டானதுலருந்து இந்த முட்டைதானுங்க. அவருதான் தெனமும் எடுத்தாந்து குடுக்கறாரு."

காளியாத்தாள் அடுப்படிக்குள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பறம் ஊரே சிரிச்சப்ப, எம்பொண்டாட்டியே இதைத்தான் குடிக்கறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? எங்கிட்டவாச்சும் சண்டை புடிச்சிருக்கலாமில்ல?"

"நானும் அதைத்தானுங்க கேட்டேன். 'அக்காகிட்டச் சண்டை போட்டு செயிக்கறதுக்குள்ள அந்தப் புள்ளை எந்திரிக்காமப் போயிரும். ஊரு நம்பறப்ப நம்பட்டும், அதுவரைக்கும் அது பட்டினி கெடக்கோணுமா?'ன்னு என்னையவே திருப்பிக் கேட்டாருங்க."