ஞாயிறுதோறும் அடைப்பு

"வாராவாரம் இதே தலைவலி!" காருக்கு அடியில் படுத்தபடி உற்சாகமாக அலுத்துக்கொண்டார், ரிட்டையரான ஸ்டோர் கீப்பர். "ஐம்பது வருஷத்து எஞ்சின். கூலன்ட் வடியுற குழாய் துருவால அடைச்சுக்குது. ஞாயித்துக்கிழமை பூரா கம்பி விட்டுக் குத்தினாத்தான் வடியுது."

"நான் பாக்கறேன், நீங்க கை கழுவிட்டு வாங்க சார்" என்றார் அன்று வரவழைக்கப்பட்டிருந்த மெக்கானிக்.

கம்பியில் ஒட்டி வந்த பழுப்புத் தூளை முகர்ந்தவர், டீயோடு வந்து நின்ற சாரின் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, துருவுல எங்கயாவது இஞ்சி வாசனை வருமா?"

"மெதுவா பேசுங்கண்ணே! டீச்சக்கைதான். சனிக்கிழமையானா நான்தான் அடைச்சு வைக்கறேன். ரிட்டையரான முதல் வாரமே சமையலறை டப்பாவுக்கெல்லாம் நம்பர் போட்டு, உப்பு எடுக்கக்கூட என்னைக் கையெழுத்துப் போட வெச்சாரு!"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "பழைய எஞ்சின் சார்! வாராவாரம் குத்தித்தான் ஆகணும்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்று உள்ளிருந்து சந்தோஷமாகப் பதில் வந்தது.

டீயை ஒரு வாய் உறிஞ்சிய மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார். தன் வீட்டு ஸ்கூட்டர் லீவு நாளில் மட்டும் மக்கர் பண்ணுவது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.