ஒன்பது குழந்தைகள்

“சாவியெல்லாம் அப்புறம் வாங்கிக்கறேன் மேடம். முதல்ல போட்டோ எடுத்துடலாமா?”

டாக்டரம்மாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அந்த மருத்துவ இதழை இத்தனை வருஷம் கட்டி மேய்த்தவர், இன்றோடு ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்குகிறார். அதில் உட்காரப் போகிறவரோ, வந்ததிலிருந்து அட்டைக்கு என்ன நிறம் போடலாம் என்பதைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை.

“அட்டை கிடக்கட்டும் டாக்டர். இந்தக் கட்டுரைக்கு ஒரு வழி சொல்லுங்க.”

குழந்தைகளுக்கான புதுக் காய்ச்சல் மருந்தைப் பற்றிய கட்டுரை. மருந்தால் ஒரு பாதகமும் இல்லை என்று முடிந்திருந்தது. அச்சில் வந்துவிட்டால் மறுநாளே எல்லா டாக்டர்களும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அதைத் திருப்பி அனுப்ப டாக்டரம்மாவும் முட்டிமோதிப் பார்த்துவிட்டார். போகிற நேரத்தில் எதற்கு வம்பு, புதியவர் பார்த்துக்கொள்வார் என்று நிர்வாகக் குழு வாயை அடைத்துவிட்டது.

எழுதியவர் பெயர் கட்டுரையில் இருக்காது. ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவில் கையெழுத்து விழும்வரை ஆசிரியர் அதை யாரிடமும் சொல்லவும் கூடாது. இதழின் விதி அது.

புதியவர் வேண்டாவெறுப்பாகப் புரட்டினார். இரண்டாவது அட்டவணையில் விரல் நின்றது.

“என்ன மேடம் இது! நாப்பது குழந்தைங்களுக்கு மருந்து குடுத்திருக்காங்க, கடைசியில முப்பத்தொண்ணுதான் கணக்குல இருக்கு. மீதி ஒன்பது என்ன ஆச்சு? வீட்டுக்குப் போச்சா, செத்துப் போச்சா? ஒரு வார்த்தை இல்லையே!”

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாதக்கணக்காக அவரைத் தூங்கவிடாத கேள்வி.

பரவாயில்லை, ஆளுக்குக் கண் இருக்கிறது.

“சுத்தக் குப்பை” என்றார் புதியவர். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி, வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இப்ப சொல்லலாமில்ல? எந்த மேதாவி எழுதினது?”

“முதல் பேரு உங்களோடதுதான் டாக்டர். கீழ உங்க டிபார்ட்மென்ட் பசங்க நாலு பேர்.”

அந்த முகத்தில் வெட்கம் வரும் என்று டாக்டரம்மா காத்திருந்தார்.

சிரிப்புதான் வந்தது.

“அட, நம்ம பசங்க எழுதினதா! எம் பேரைப் போட்டுக்கச் சொன்னதோட சரி, நான் எங்க படிச்சேன்? இதை முதல்லயே சொல்லக் கூடாதா மேடம்?”

போட்ட கையெழுத்தைக் குறுக்கே அடித்துக்கொண்டே சொன்னார்:

“அப்ப கணக்கு சரியாத்தான் இருக்கும்.”