முட்டுக்கல் சாமி

“இன்னிக்கு வேலைக்குப் போவ வேண்டாமுங்க. ஒடம்பு அனலாக் கொதிக்குது” என்று அத்தாயி கஞ்சிக் கலயத்தை நீட்டினாள்.

செங்கோடன் பாயில் எழுந்து உட்கார்ந்தான். “இன்னிக்குத்தான் புள்ள, அட்டியிலருந்து மேல்மரத்தைக் கயிறு கட்டி இழுக்கறாங்க. நான் இல்லாட்டி எப்படி?”

“எந்தம்பி சின்னுசாமி உங்களுக்குப் பதிலாப் போயிருக்கானே! மத்ததைச் சாமி பாத்துக்கும்.”

சாமி! செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது.

வெள்ளைக்காரன் சண்டைக்கென்று தண்டவாளக் கட்டை கேட்டாலும் கேட்டான், வளப்பூர் நாட்டுச் சரிவில் வெட்டிய மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கி அட்டி போட்டுவிட்டார்கள். அடிமரம் உருளாமலிருக்க ஒரு முட்டுக்கல். மேல்மரத்தை இழுக்கையில் அட்டியே குலுங்கும். அப்போது கல் இல்லையென்றால் கீழே நிற்பவன் கதி அதோகதிதான்.

ஆனால் பாழாய்ப்போன பயல்கள் கேட்டால்தானே! அடுப்புக் கூட்டவும் அரிவாள் தீட்டவும் கல்லை உருவிக்கொண்டு போனார்கள். செங்கோடன் வாய் கிழியச் சொல்லிப் பார்த்தான். செவிடன் காதில் ஊதிய சங்குதான். போன தையில் பைல் நாட்டு அர்த்தனாரிக்கு ரெண்டு காலும் கூழாகிப் போயிற்று. காண்ட்ராக்டர் ஒரு மூட்டை கேழ்வரகைக் கொடுத்து அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனுசன்!

அன்று சாயங்காலமே செங்கோடன் ஓடையிலிருந்து வேறொரு கல்லைத் தூக்கி வந்து முட்டுக் கொடுத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தான். “கனவுல கருப்பன் வந்து, இங்கதான் இருப்பேன்னாருங்க” என்றான். அவ்வளவுதான். மனுசன் பேச்சுக்குக் கிடைக்காத மரியாதை மஞ்சளுக்குக் கிடைத்தது. ஏழு மாசமாய் ஒரு பயல் அந்தக் கல்லைத் தொடவில்லை.

“பொழுது சாயறதுக்குள்ள காய்ச்ச எறங்கிருமுங்க. அந்தச் சாமிகிட்டத்தான் வேண்டியிருக்கேன்” என்றாள் அத்தாயி.

செங்கோடனுக்கு உறுத்தியது. ஊரை ஏமாற்றியது சரி, கட்டினவளையுமா?

“அத்தாயி, வெளியில மூச்சு விட்றாத. அது சாமி இல்ல, ஓடைக்கல்லு. பயலுவ உருவிரக் கூடாதுன்னு நாந்தான் மஞ்சப் பூசி வச்சேன். அது அங்க இருக்கறதாலதான் உந்தம்பி உசுரோட ஊடு திரும்புவான்.”

அத்தாயியின் கையிலிருந்த கலயம் நழுவி உடைந்தது.

அதே நேரம் சரிவுப் பக்கம் தடதடவென்று ஒரு சத்தம். குடிசையே அதிர்ந்தது. ஆட்கள் அலறுவது கேட்டது.

“பயப்படாத புள்ள, மேல்மரம் ஏதாச்சும் நழுவியிருக்கும். கல்லு இருக்கு, அட்டி அசையாது” என்று செங்கோடன் சுவரைப் பிடித்து எழுந்தான்.

அத்தாயி பேயறைந்தவள்போல் குடிசை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஓர் அகல்விளக்குக்குப் பின்னால், புதுத் துணி சுற்றி, மஞ்சள் பூசிய கல் உட்கார்ந்திருந்தது.

“நீங்க பொழைக்கணும்னு விடியக்காலம் சாமிய நம்மூட்டுக்கே கொண்டாந்துட்டனுங்க... வெறுமனே தூக்கக் கூடாதுன்னு, அது இருந்த எடத்துல ஒரு தேங்காய வச்சுட்டு வந்தேன்.”