காப்பி போட்டுத் தருபவன்

அஞ்சுகிராமம் கல்யாண மண்டபத்தில் இல்லற மாண்பு பற்றி வாழ்த்துரை பொழிந்துவிட்டு, போர்த்திய சால்வையோடு வீட்டுக்குள் நுழைந்தார் நாகேந்திரன். அடுக்களையில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"தலைவலி குறைஞ்சுதா சுஜா? நீ உட்காரு. நான் காப்பி போட்டுத் தர்றேன்."

பாய்ந்து போனார். அங்கே மனைவியும் அவள் செல்போனும்தான் இருந்தார்கள்.

"யாருட்டி இவன்?"

"கேமு. பொம்பளையளுக்கான காதல் கேமு. ஹீரோவுக்கு நாமளே பேரு வைக்கலாம்."

"என்ன பேரு வச்ச?"

"சொல்ல மாட்டேன்."

"வாயால சொல்ல முடியாத பேரா? கூப்பிடுதேன் உங்க அண்ணனை. இண்ணைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்திருவோம்!"

சால்வை நழுவ, போனைப் பிடுங்கினார். திரையில் சுருள்முடி வாலிபன் ஒருவன் சிரித்தான். கீழே அவன் பெயர்: நாகேந்திரன்.

"புருசன் பேரைப் பொண்டாட்டி சொன்னா ஆயுசு குறையும்னு கட்டின அண்ணைக்கே சொன்னியளே, அதான் சொல்லல்ல," என்றாள் சுஜா. குரல் கொதித்தது. "இந்தப் பேருள்ளவன் என் தலைவலியை ஒருநாளாவது கேப்பானான்னு பதினாறு வருசம் பாத்தேன். இப்பதான் கேக்கான்."

நாகேந்திரன் சால்வையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"செரி, செரி. எனக்கொரு காப்பி போடு."

சுஜா போனை அவர் மடியில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

"அவன்ட்ட கேளுங்க. போடுவான்."